தண்ணீர்விட்டான்

சில பெயர்களைக் கேட்டால், அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவரைத் தேடிப் பிடித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும் என்று தோன்றும். தண்ணீர்விட்டான் என்பது அந்த மாதிரி ஒரு பெயர். கேட்டால் ஏதோ தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனின் பெயர் போலத் தொனிக்கிறது. ஆனால் அது ஒரு கொடி. முள் உள்ள கொடி. வேலியோரத்தில், புதர்களுக்கிடையில், யாரும் நடாமல், யாரும் நீர் பாய்ச்சாமல் படர்ந்து கிடக்கும். இலை என்று சொல்லும்படியான இலை கிடையாது. ஊசி ஊசியாகப் பச்சை. பூமிக்கு அடியில்தான் அதன் செல்வமெல்லாம். விரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, கொத்துக் கொத்தாகக் கிழங்குகள். மழை நாளில் கிடைத்த நீரைக் கிழங்கில் பத்திரப்படுத்திக்கொண்டு, மழையில்லாத நாளில் அதைச் செலவழித்துப் பிழைக்கிற இனம். நூறு வேர் உடையது என்று வடமொழியில் சதமூலி என்றார்கள். சதாவரி என்றும் சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவார்களே, அந்தச் சரக்குத்தான்.

இந்தக் கொடிக்கு அயல் தேசத்தில் ஒரு பங்காளி உண்டு. ஆஸ்பராகஸ் என்று பெயர். தாவர சாஸ்திரிகளின் கணக்குப்படி இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்றே. (மூன்றாவது பங்காளி ஒருவனையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கல்யாண வரவேற்பில் கொடுக்கிற பூச்செண்டில் ரோஜாவுக்குப் பின்னால் பச்சைப் புகை மாதிரி ஒன்றை வைத்துக் கட்டியிருப்பார்கள். அவனும் அந்தக் குடும்பத்தான்தான். தின்ன உதவாதவன், அலங்காரத்துக்கு மட்டும்.) நம் கொடியை நாம் கிழங்குக்காகத் தோண்டுகிறோம். ஐரோப்பியர்கள் அவர்களுடைய செடியைக் குருத்துக்காக வளர்க்கிறார்கள். குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் தூங்கிய வேர், வசந்தத்தில் விழித்து, ஈட்டி முனை போல ஒரு தண்டை மேலே அனுப்பும். அது ஒரு சாண் உயரம் வந்து, தலை விரியாமல் இருக்கும்போதே கத்தி வைத்துவிட வேண்டும். விட்டால் புதராகிவிடும். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ், ஒரு காரியம் சட்டென்று முடிய வேண்டுமானால், ஆஸ்பராகஸ் வேகிற நேரத்தைத்தான் அளவாகச் சொல்லுவாராம். அவ்வளவு காலமாக அதைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

கள்ளிக்குப்பத்தில் குடியிருக்கும் எனக்கும் இந்தப் பங்காளிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். மைத்துனன் மூலமாக வந்தது. சம்பந்தம் என்றாலே மைத்துனன் இல்லாமல் ஏது?

என் மைத்துனனுக்கு முப்பத்தைந்து வயசு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் லேத் மிஷினுக்கு முன்னால் நின்றான். பட்டறையை மூடினார்கள். திருவள்ளூருக்கு அப்பால் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பிப் போனான். அங்கே என் மாமனார் விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் இருக்கிறது. படி வைத்துக் கட்டிய பழைய கிணறு ஒன்று. அந்தக் கிணற்றுக்குள்ளேயே பிற்பாடு இறக்கிய போர் ஒன்று. நெல், வேர்க்கடலை, கொஞ்சம் கத்தரி, வெண்டை. அந்த மூன்று ஏக்கரும் என் மாமியாரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்துத் தன் அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, இதைப் பொரியல் பண்ணு. தேங்காய் நிறையப் போடாதே. ருசி தெரியணும்."

"என்னடா இது, துடைப்பக் குச்சிக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு?" என்றாள் என் மனைவி.

கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தாய்லாந்து என்று போட்டிருந்தது. அண்ணா நகரில் ஒரு பெரிய கடையில் வாங்கினானாம். அந்த ஒரு கட்டின் விலையில் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக் கறிகாயை முடித்துவிடலாம். கடுகு தாளித்து, தேங்காயும் போட்டுத்தான் செய்தாள். நன்றாகவே இருந்தது. ஆளுக்கு நாலு துண்டு. பையன் தட்டில் ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து எனக்கு ஏழு.

சாப்பாடு ஆன பிறகு விஷயம் வெளியே வந்தது. ஒரு கம்பெனியார் ஹோட்டலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நாற்று அவர்கள் தருவார்கள். சொட்டுநீர்க் குழாய் அவர்கள் போடுவார்கள். விளைந்ததை அவர்களே எடுத்துக்கொண்டு விமானத்தில் துபாய்க்கும் லண்டனுக்கும் அனுப்புவார்கள். விவசாயி செய்ய வேண்டியதெல்லாம் முதலில் நாலு லட்சம் கட்டுவதுதான். பாங்கில் நகைக்கடன் சுலபமாகக் கொடுக்கிறான். மைத்துனனிடம் நகை இல்லை. என் மனைவியின் கையில் ஆறு வளையல் இருக்கிறது.

நம் ஜில்லாக்களில் இந்த மாதிரிக் கூட்டங்களுக்குச் சரித்திரம் உண்டு. 2003-ஐ ஒட்டி வெனிலா விலை ஆகாசத்துக்குப் போனது. தென்னைக்கு நடுவே வெனிலாக் கொடி ஏற்றினார்கள். காய் பறிக்கும் காலத்தில் விலை தரையில் கிடந்தது. அப்புறம் ஈமுக் கோழி. 2012-ல் கொங்கு நாட்டில் அந்த வியாபாரம் இடிந்து விழுந்தபோது, தீனி போட ஆள் இல்லாமல் அந்தப் பறவைகள் நெடுங்கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தது நினைவிருக்கும். ஆனால் இதையெல்லாம் காட்டி முப்பத்தைந்து வயசு ஆசாமியைத் தடுக்க முடியாது. "அது வேற, இது வேற மாமா" என்பான். அது வேறுதான், ஆஸ்பராகஸ் உலகம் முழுவதும் உண்மையாகவே விற்கிற பண்டம். ஒரு மாசம் தவணை வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்கு உள்ள ஒரே சௌகரியம், படித்துக்கொண்டிருந்தால் வேலை செய்வதாக வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

படிக்கப் படிக்க அந்தக் குருத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. மற்றக் காய்கள் பறித்தால் அடங்கிவிடும். இது அடங்குவதில்லை. அறுத்த பிறகும் வளரப் பார்க்கிறது. வேகமாக மூச்சு விடுகிறது. தன்னுள் இருக்கும் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்து, சில மணி நேரத்துக்குள் நாராக ஆரம்பிக்கிறது. பெட்டியில் படுக்க வைத்து அனுப்பினால், தலையை மட்டும் மெல்ல மேலே தூக்கி வளைந்துகொள்ளும். வளைந்ததைக் கடைக்காரன் எடுக்க மாட்டான். ஆகவே நிற்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அடி அகன்று நுனி குறுகிய பெட்டி. அடியில் ஈரமான பஞ்சு மெத்தை. வயலிலிருந்து வந்த உடனே ஐஸ் தண்ணீரில் குளிர வைத்து, கிட்டத்தட்ட உறையும் குளிரிலேயே கடைசி வரைக்கும் வைத்திருக்க வேண்டும். ராஜ குடும்பத்துப் பிணியாளரைக் கூட இவ்வளவு ஜாக்கிரதையாகப் பிரயாணம் செய்விப்பார்களா என்பது சந்தேகம்.

ஏன் இவ்வளவு பாடு? ஆசைதான். ஐரோப்பாவில் இது வசந்த காலத்துப் பண்டம். ஜெர்மானியர்கள் மண்ணைக் குவித்து மூடி, வெயில் படாமல் வெள்ளையாக வளர்த்து, அந்தச் சில வாரங்களைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஜூன் 24-ந் தேதி, யோவான் ஸ்நானகரின் திருநாளோடு அறுவடை நிறுத்தம். அதற்கு மேல் அறுத்தால் அடுத்த வருஷத்துக்கு வேரில் பலம் இருக்காது. இந்தத் திருவிழாவுக்கு அறுக்கும் கைகளும் அயலாருடையவைதான். 2020 ஏப்ரலில், கொரோனாவுக்கு அஞ்சி உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, ஜெர்மனி தனி விமானங்கள் அமர்த்தி ருமேனியாவிலிருந்து கூலியாட்களை அழைத்துக்கொண்டது. நம் ஊரில் அதே மாதத்தில் கூலியாட்கள் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

வசந்தத்தில் மட்டும் கிடைத்த வரையில் இது கறிகாய். கிறிஸ்துமஸுக்கும் வேண்டும் என்று கடைகள் கேட்டபோதுதான் இது சர்வதேச வியாபாரம் ஆயிற்று. வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது எங்கே அறுக்கலாம்? தென் அமெரிக்காவில், பசிபிக் கடலோரத்தில், பெரு தேசத்தில் அறுக்கலாம். அங்கே இக்கா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சுத்தப் பாலைவனம். வருஷம் முழுவதற்கும் சேர்த்து மழை சில மில்லிமீட்டர். இந்தச் செடிக்கு வேர் தூங்க வேண்டும் என்றேனல்லவா? குளிரில்லாத இடத்தில் தூங்க வைக்க ஒரு தந்திரம்: தண்ணீரை நிறுத்திவிடுவது. செடி காய்ந்து சுருண்டுகொள்ளும். மறுபடி குழாயைத் திறந்தால் வசந்தம் வந்துவிட்டது என்று எண்ணி முளைக்கும். இப்படி வருஷத்துக்கு இரண்டு வசந்தம்! மழை பெய்கிற ஊரில் இது நடக்காது, பாலைவனத்தில்தான் நடக்கும். எப்போது தண்ணீர், எப்போது தாகம் என்று தீர்மானிப்பவன் மனிதனாக இருக்க வேண்டும்.

1980-களில் அமெரிக்காவின் உதவிப் பணத்தோடு அங்கே பச்சை ஆஸ்பராகஸ் தலையெடுத்தது. 1991-ல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. கோக்கா இலையிலிருந்து கொக்கெய்ன் வருகிறது. மலைக்குடியானவன் அதை விட்டு வேறு பயிருக்கு மாறட்டும் என்று, பெரு முதலிய நாலு தேசத்துச் சரக்குகளுக்குச் சுங்கவரியை நீக்கியது. ஆஸ்பராகஸும் வரியில்லாமல் நுழைந்தது. கோக்கா விளைவது ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில். ஆஸ்பராகஸ் விளைவது மேற்கே கடலோரப் பாலைவனத்தில். மலைக்காரனுக்கும் கடற்கரைப் பண்ணைக்காரனுக்கும் நடுவில் உலகத்தின் மிக நீண்ட மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. சட்டத்துக்கு அது தெரியவில்லை. நஷ்டம் அமெரிக்காவிலேயே வாஷிங்டன் மாகாணத்து விவசாயிக்கு. தலைமுறை தலைமுறையாக ஆஸ்பராகஸ் வைத்திருந்தவர்கள் வேரைப் பெயர்த்து எறிந்தார்கள். அங்கிருந்த டப்பாத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன.

இக்காவில் அறுத்தது குளிர்சாதன லாரியில் சுமார் 300 கிலோமீட்டர் வந்து லிமா நகரத்து விமான நிலையத்தைச் சேரும். அங்கே அதற்கென்றே குளிர்க்கிடங்கு. பிறகு மயாமிக்கும் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறக்கும். அமெரிக்காவில் இறங்கியதும், பூச்சி இருக்குமோ என்று, மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டு வந்தார்கள். அதற்காக அதுவரை கட்டிக் காத்த குளிரைக் கொஞ்ச நேரம் கலைக்க வேண்டியிருந்தது. நல்ல வருஷங்களில் லட்சம் டன்னுக்கு மேல் இப்படிப் பெருவிலிருந்து பச்சையாகவே வெளியே போயிற்று. இவ்வளவுக்கும் உலகத்திலேயே அதிகமாக ஆஸ்பராகஸ் விளைவது சீனாவில். அவர்கள் பெரும்பாலும் தாங்களே சாப்பிட்டுவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்.

மழையே பெய்யாத பள்ளத்தாக்கில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு நடை வெளியே போய் வந்தேன்.

பூமிக்கு அடியிலிருந்துதான் வந்தது. பெரிய பண்ணைகள் ஆழக் கிணறு போட்டன. நீர்மட்டம் இறங்கிற்று. இன்னும் ஆழமாகப் போட்டன. இன்னும் இறங்கிற்று. ஆழம் போகப் பணம் இல்லாத சிறு விவசாயியின் கிணறு முதலில் வற்றியது. வற்றிய கிணற்றோடு நிலத்தையும் விற்றுவிட்டு, பல பேர் அந்தப் பண்ணைக்கே கூலியாகப் போனார்கள். அரசாங்கம் புதுக் கிணறு கூடாது என்று தடை போட்டது. தடைக்குப் பிறகும் கிணறுகள் முளைத்தன. 2010-ல் லண்டனிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம், இங்கிலாந்துக்காரர்கள் தின்னும் ஆஸ்பராகஸ் இக்காவின் நிலத்தடி நீரை என்ன செய்கிறது என்று ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. மலை மேல் சோக்ளோகோச்சா என்ற ஏரியின் நீரையும் கால்வாய் வெட்டி இக்காவுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அந்த மேட்டு நிலத்தில் அல்பாகா மேய்க்கிறவர்கள் எங்கள் புல்வெளி காய்கிறதே என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

கூலியின் கதை தனி. பண்ணைகள் பெருகட்டும் என்று 2000-ல் பெரு அரசாங்கம் சலுகைச் சட்டம் ஒன்று செய்தது. வரி குறைவு, தொழிலாளியின் உரிமையும் குறைவு. 2020 நவம்பர் கடைசியில் இக்காவின் பண்ணைத் தொழிலாளர்கள் திடீரென்று எழுந்து நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஒரு நாள் கூலி 39 சோல். ஐந்தே நாளில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டி வந்தது. இப்போது அங்கே ஆஸ்பராகஸ் குறைந்து வருகிறது; திராட்சையும் புளூபெர்ரியும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அமெரிக்கச் சந்தையில் மெக்சிகோ முந்திவிட்டது. பயிர் மாறலாம். இறங்கிய நீர்மட்டம் அதற்காகத் திரும்பி ஏறுமா?

லண்டனில் டோனி ஆலன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஒரு பண்டம் ஊர் விட்டு ஊர் போகும்போது, அதை விளைவிக்கச் செலவான நீரும் கண்ணுக்குத் தெரியாமல் கூடப் போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மறைநீர் என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். அதற்காக 2008-ல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கொடுத்தார்கள் அவருக்கு. அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ ஆஸ்பராகஸுக்கு உலகச் சராசரியாகச் சுமார் 2,000 லிட்டர் தண்ணீர். நன்றாக விளைகிற நிலத்தில் குறையும். என்றாலும் பெரிய எண்தான். எனக்குப் பெரிய எண்கள் மனசில் பதிவதில்லை. எங்கள் தெரு பாஷையில் சொல்லிப் பார்த்தேன். 20 லிட்டர் கேன் 100. நாங்கள் அன்று பொரியல் செய்து தின்ற கால் கிலோக் கட்டுக்கு 25 கேன். 6,000 லிட்டர் லாரி ஒன்று முழுசாக வந்து நின்றால், அது 3 கிலோ ஆஸ்பராகஸ்.

லாரி என்று எழுதியவுடன் கள்ளிக்குப்பத்து வாசகர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வடக்கே புழல் ஏரி இருக்கிறது. முழுக் கொள்ளளவு 330 கோடி கன அடி. 2019 ஜூனில் அந்த ஏரி வற்றி, தரை வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12-ந் தேதி முதல் ரயில். 50 வாகன், 25 லட்சம் லிட்டர். அம்பத்தூருக்குக் கிழக்கே மூன்றாவது ஸ்டேஷனான வில்லிவாக்கத்தில் அதை இறக்கினார்கள். வாழை மரமும் மாலையும் கட்டி வரவேற்க வேண்டிய ஸ்திதி. எங்கள் தெருவில் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குப் பதில் செருப்பை வைத்துவிட்டு, அந்தச் செருப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். வசதி உள்ளவர்கள் லாரிக்குச் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம்.

அந்த லாரிகள் எங்கே போய் நிரப்பிக்கொண்டு வந்தன? திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகளில். பட்டணத்துக்கு அது புது வழக்கமல்ல. குடிநீர் வாரியமே அந்த ஜில்லாவில் குடியானவர்களின் கிணற்று நீரை விலைக்கு வாங்கி வந்திருக்கிறது. 2019 கோடையில் ஒரு தனியார் லாரி என் மாமியாரின் கிணற்றுக்கும் வந்தது. நாளைக்கு இரண்டு நடை. நாற்பது நாள். நெல்லில் ஒரு வருஷத்தில் பார்க்காத காசை அத்தை அந்த நாற்பது நாளில் பார்த்தார். நாற்பத்தோராம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்து நிலம் அறுபது சென்ட், ஒரு பெரியவருடையது. அவருக்குக் கைக்கிணறுதான், போர் கிடையாது. அது அடி தட்டிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் வாசலில் வந்து சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். பிறகு அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவற்காரராக வந்துவிட்டார். ஒரு முறை பஸ்ஸில் பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறார். சட்டையில் கம்பெனி பெயர் போட்டிருந்தது.

மாசத் தவணை முடிந்து மைத்துனன் வந்தான். படித்ததையெல்லாம் சொன்னேன். இக்காவைச் சொன்னேன். 2014 மே மாதம் முதல் தேதி ஐரோப்பாக்காரர்கள் பழ ஈ இருக்கிறது என்று நம் மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடலை, சேம்பு இவற்றையும் ஒரே உத்தரவில் நிறுத்தியதைச் சொன்னேன். மாம்பழத்துக்கு 2015 ஜனவரியில் கதவு திறந்தது. காய்களுக்கு அதைவிட நாளாயிற்று. லண்டனில் ஓர் அதிகாரி பேனாவைத் திறந்தால், இங்கே அறுத்து நிற்க வைத்த குருத்தை எந்தச் சந்தையில் போடுவாய்? கோயம்பேட்டில் வாங்குவார்களா? நிற்க வைத்தது நின்றபடியே நாராகுமே.

அவன் பொறுமையாகக் கேட்டான். லேத்தில் நின்றவன்; பொறுமை உண்டு. பிறகு கேட்டான்:

"மாமா, 2019-ல உங்க மாடி டாங்க்ல விழுந்தது எந்த ஊர் தண்ணி?"

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணியை நீங்க குளிச்சா அது அவசியம். அதையே நான் குருத்தா மாத்தி லண்டன்காரனுக்கு வித்தா அது அக்கிரமமா? லாரிக்காரன் ஆயிரம் லிட்டருக்குக் கொடுக்கிறது டீக்காசு. ஆஸ்பராகஸ்ல அதே தண்ணிக்கு எத்தனை மடங்கு வருது, நீங்களே கணக்குப் போட்டிருக்கீங்களே!"

கணக்கு சரிதான். அவன் கேட்டதும் சரிதான். பெருவின் பண்ணைக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: பாலைவனத்தில் சோறு போட்டோம், ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கூலி கொடுத்தோம், முன்பு அங்கே என்ன இருந்தது? அதுவும் பொய் இல்லை. தாகத்துக்குப் போகிற நீரும் ருசிக்குப் போகிற நீரும் ஒன்றாகுமா என்று நான் கேட்டேன். "கிணத்துக்குத் தெரியுமா மாமா, எது எதுன்னு?" என்றான் அவன். பேச்சில் என்னை மிஞ்சுகிறவன்தான்.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் அத்தை. அவருக்கு இக்காவும் தெரியாது, லண்டனும் தெரியாது. அவரிடம் ஒரே ஒரு மீட்டர் இருக்கிறது. தினம் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணுவார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார். தை மாதம் இத்தனை, பங்குனியில் இத்தனை, எந்த வருஷம் எத்தனை என்று கேட்டால் சொல்லுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, அவன் ஆசைப்படறான். பத்து சென்ட்ல வச்சுப் பார்க்கட்டும். கம்பெனி வேணாம், வளையல் வேணாம். விதை எங்கேயாவது கிடைக்குதான்னு பாருங்க. ஆனா போர் சுவிச்சைப் போடறது நான்தான்" என்றார்.

விதை தபாலில் வந்தது. தாய்லாந்திலும் தைவானிலும் தாய்த்தண்டு முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். செடியைத் தூங்க வைக்காமல், நாலைந்து தண்டுகளை வளர விட்டு, அவற்றின் நிழலில் வருகிற குருத்தை மட்டும் அறுப்பது. நம் சீதோஷ்ணத்துக்கு அதுதான் பொருந்தும். மைத்துனன் அப்படித்தான் வைத்திருக்கிறான். மிச்ச நிலத்தில் முருங்கை. முருங்கைக்காய் சென்னையிலிருந்து வெகு காலமாக விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது; அந்த மரம் தண்ணீருக்காக யாரையும் கெஞ்சுவதில்லை. பத்து சென்ட் ஆஸ்பராகஸ் இப்போது இடுப்பு உயரத்தில் பச்சைப் புகையாக நிற்கிறது. முதல் வருஷம் அதிகம் அறுக்கக் கூடாது, வேர் ஊன்றட்டும் என்று விட்டிருக்கிறான். போன மாதம் போயிருந்தபோது, அதே நிலத்து வேலியில் தண்ணீர்விட்டான் கொடி படர்ந்திருந்ததைக் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "முகஜாடை இருக்கு மாமா" என்றான்.

நேற்று ராத்திரி அத்தை போன் செய்தார். பதினோரு படி தெரிகிறதாம். இந்த மாதத்துக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. பழைய லாரிக்காரர் வந்து, இந்தக் கோடைக்கு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறார். மைத்துனன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்; ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"உங்க பக்கம் ஏரியில தண்ணி எப்படி இருக்கு, மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார்.